இல்லை என்பதும் தெரியாது என்பதும்

டேட்டாபேஸ் வேலை செய்பவர்களுக்கு முதல் வருடத்திலேயே ஒரு பாடம் கிடைத்துவிடும். ஒரு கட்டத்தில் பூஜ்யம் இருப்பதும், அந்தக் கட்டம் காலியாக இருப்பதும் ஒன்றில்லை. மழைக் கணக்குப் பதிவேட்டில் ஒரு தேதிக்கு எதிரே பூஜ்யம் என்று எழுதியிருந்தால் அன்று மழை பெய்யவில்லை என்று அர்த்தம். எதுவுமே எழுதவில்லை என்றால் அளவெடுக்கிறவர் அன்று வரவில்லை, அல்லது நோட்டு நனைந்துவிட்டது, அல்லது மானியே உடைந்து கிடந்தது. இந்தக் காலிக் கட்டத்துக்கு எங்கள் தொழிலில் 'நல்' என்று பெயர். தமிழ் 'நல்'லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காலியை எல்லாம் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு சராசரி போட்டால், நன்றாக மழை பெய்த ஊர்கூட வறண்ட ஊராகக் கணக்கில் வந்துவிடும்.

ஆபீஸில் இது ஒரு பிழை, அவ்வளவுதான். திருத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால் 'இல்லை' என்பதையும் 'தெரியாது' என்பதையும் குழப்பிக்கொள்வது சில இடங்களில் அறம் சார்ந்த விஷயமாகிவிடுகிறது. இந்த எண்ணம் எனக்குள் வந்தது பின்லாந்துக்கு வேலைக்கு வந்த பிறகு. இங்கே இருக்கிற காடுகளும், அந்தக் காடுகளைப் பற்றி அரசாங்கம் எல்லாருக்கும் திறந்துவைத்திருக்கிற வரைபடத் தரவும்தான் காரணம்.

1

நான் கொங்குப் பக்கம். எங்கள் ஊரில் "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொன்னால் யாரும் யானையை நினைக்க மாட்டார்கள். மானாவாரி நிலத்துக்குப் பேர் காடு. சோளமோ கடலையோ போட்டிருக்கும். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வரும், பங்கு பிரியும், வரப்புத் தகராறு வரும். மரமும் மிருகமும் இருக்கிற காட்டுக்கு எங்கள் வாயில் 'ஃபாரஸ்ட்' என்று பெயர். அது அரசாங்கத்துடையது.

பின்லாந்தில் இந்த இரண்டு காடும் ஒன்று. நாட்டின் நிலப்பரப்பில் முக்கால் பங்கு காடு. மரம் வளர்க்கத் தகுந்த காட்டில் ஏறக்குறைய 60 சதவீதம் தனிமனிதர்கள், குடும்பங்கள் கையில் இருக்கிறது. 56 லட்சம் பேர் இருக்கிற நாட்டில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காட்டு உரிமையாளர்கள். ஒரு காட்டுச் சொத்தின் சராசரி அளவு 30 ஹெக்டேர், நம் கணக்கில் எழுபத்தைந்து ஏக்கர். பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச் மரங்கள். நட்டு வெட்டுவதற்குள் அறுபது, எண்பது வருடம் ஆகிவிடும். நடுகிறவர் வெட்டுவதில்லை, வெட்டுகிறவர் நட்டதில்லை.

இப்போது அந்த உரிமையாளர்களில் நிறையப் பேர் ஹெல்சிங்கியிலோ தாம்பெரேயிலோ அபார்ட்மென்ட்டில் இருக்கிறார்கள். காடு முந்நூறு, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அப்பா இறந்த பிறகு பத்திரத்தில் பெயர் மாறியிருக்கும். எந்த மூலையில் என்ன மரம், எப்போது யார் நட்டது என்பதெல்லாம் அப்பாவோடு போய்விட்டிருக்கும். உரிமை வாரிசுக்கு வருகிறது, அறிவு வருவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் அரசு ஒரு காரியம் செய்தது. பின்லாந்து வன மையம் 2012இல் 'மெட்ஸான்' என்ற இணையச் சேவையைத் தொடங்கியது. பெயருக்கு அர்த்தம் 'காட்டுக்குள்' என்பது. கிட்டத்தட்ட எங்கள் ஊர் 'காட்டுக்கு'தான். உரிமையாளர் உள்ளே போனால் தன் காட்டின் ஒவ்வொரு பகுதியிலும் என்ன மரம், எவ்வளவு கன மீட்டர், என்ன வயது, அடுத்து என்ன வேலை செய்யலாம் என்பதைப் பார்க்கலாம். 2018இல் சட்டத்தைத் திருத்தி, உரிமையாளரின் பெயர் விவரங்களை மட்டும் விட்டுவிட்டு, தனியார் காடுகளின் வளத் தரவை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். நான் பின்லாந்தில் ஒரு சதுர அடிகூட வைத்திருக்கவில்லை. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவரின் காட்டை இரவு பத்து மணிக்கு லேப்டாப்பில் இறக்கிப் பார்க்க முடியும், பார்த்திருக்கிறேன்.

2

இது சரியா? என் காட்டில் எவ்வளவு மரம் இருக்கிறது என்பதை ஊருக்கே சொல்ல அரசுக்கு என்ன உரிமை? நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் பீரோவில் எத்தனை பவுன் இருக்கிறது என்று வலைத்தளத்தில் போட்டால் எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வி இங்கேயும் எழுந்ததுதான். 2018க்கு முன்னால் வரை இந்தத் தரவைத் தனிநபர் தகவலாகத்தான் வைத்திருந்தார்கள். நில எண்ணை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது காரணம். பிறகு மற்றொரு வாதம் வென்றது: காடு என்பது சுற்றுச்சூழல், சுற்றுச்சூழல் பற்றிய தகவல் பொதுமக்களுக்குச் சேர வேண்டியது. 1998இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் கையெழுத்தான ஒப்பந்தமும் அதைத் தொடர்ந்த ஐரோப்பியச் சட்டங்களும் அதைத்தான் சொல்கின்றன.

எனக்கு இந்த வாதத்தைவிட இங்கே இருக்கிற ஒரு பழைய வழக்கம்தான் நன்றாகப் புரிந்தது. பின்லாந்தில் யார் வேண்டுமானாலும் யாருடைய காட்டிலும் நடக்கலாம், காளான் எடுக்கலாம், ப்ளூபெரி பறிக்கலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. மரத்தை மட்டும் தொடக் கூடாது. அதாவது மரம் உரிமையாளருடையது, அந்த மரத்துக்கு நடுவே நடக்கிற உரிமை எல்லாருடையது. உரிமை என்பதை வேலி போட்ட ஒரே துண்டாக நினைத்துப் பழகிய எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. கால் போகலாம் என்று விட்ட இடத்தில் இப்போது கண்ணும் போகலாம் என்று விட்டிருக்கிறார்கள். திறந்த தரவை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

ஆனால் கண் என்று சொன்னால், அது எப்படிப்பட்ட கண் என்றும் கேட்க வேண்டும் இல்லையா?

3

விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறார்கள். சில துடிப்புகள் மர உச்சியில் பட்டுத் திரும்பும், சில இலைகளுக்கு நடுவே புகுந்து தரையில் பட்டுத் திரும்பும். திரும்பி வர எடுத்த நேரத்தின் வித்தியாசத்திலிருந்து மரத்தின் உயரம் கிடைக்கும். கூடவே விமானப் புகைப்படங்கள். இது போதாது என்று ஆட்கள் காட்டுக்குள் போய், சின்னச் சின்ன வட்டங்களாக எடுத்து, அதற்குள் இருக்கிற மரங்களை நேரடியாக அளக்கிறார்கள். அந்த வட்டங்களில் கண்ட உறவை வைத்து மற்ற இடங்களுக்குக் கணக்குப் போடுகிறார்கள். கடைசியில் நாடு முழுவதும் 16க்கு 16 மீட்டர் சதுரங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் எண்கள் வருகின்றன. ஒரு சதுரம் என்பது சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டைவிடக் கொஞ்சம் பெரிசு. 2020இல் தொடங்கிய இரண்டாம் சுற்றில் சதுர மீட்டருக்கு ஐந்து லேசர் புள்ளிகள். முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு நெருக்கம்.

பொறியாளனாக எனக்கு இதில் மயக்கம் உண்டு. இங்கே 1921இல் முதல் தேசிய வனக் கணக்கெடுப்பு தொடங்கியபோது, யூர்யோ இல்வெஸ்ஸலோ என்ற ஆய்வாளரின் தலைமையில் குழுக்கள் நாட்டின் குறுக்கே நேர்க்கோடுகளில் நடந்தே அளந்தன. சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களே ஆன ஏழை நாடு, முதல் காரியங்களில் ஒன்றாகத் தன்னிடம் எவ்வளவு மரம் மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தது. அந்த நடை இன்று விமானமாகியிருக்கிறது.

இருந்தாலும் இந்தக் கண்ணுக்கு ஒரு சாய்வு உண்டு. உயரத்தை நன்றாகப் பார்க்கும். கன அளவை நன்றாகவே ஊகிக்கும். மர இனத்தில் தடுமாறும். அதிலும் ஆஸ்பென் என்ற மரம் பெரும்பாலும் 'மற்ற இலையுதிர் மரங்கள்' என்ற மூட்டைக்குள் போய்விடும். மர வியாபாரத்தில் ஆஸ்பெனுக்கு மதிப்பு குறைவு. ஆனால் வயதான ஆஸ்பென் ஒன்றில் மரங்கொத்தி பொந்து போடும், பிறகு அந்தப் பொந்தில் பறக்கும் அணில் குடியேறும், பட்டையில் அபூர்வமான பாசியும் லைக்கனும் வளரும். விழுந்து மக்கிக்கொண்டிருக்கிற மரத்தையும் இந்தக் கண் சரியாகப் பார்ப்பதில்லை. பின்லாந்தின் காடுகளில் 4,000க்கும் மேற்பட்ட உயிரினங்கள் அப்படி இறந்த மரத்தை நம்பி வாழ்கின்றன.

ஆக, எதை விற்க முடியுமோ அது துல்லியமாகத் தெரிகிறது. எதை விற்க முடியாதோ அது மங்கலாகத் தெரிகிறது. இதில் யாருடைய சதியும் இல்லை. கேள்வி அப்படிக் கேட்கப்பட்டது, அவ்வளவுதான். 1713இல் சாக்ஸனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் தன் வனவியல் நூலை எழுதியபோது அவருடைய கவலை, வெள்ளிச் சுரங்கத்துக்கும் உலைக்கும் மரம் தீர்ந்துபோகக் கூடாது என்பது. 'நீடித்த' வன மேலாண்மை என்று நாம் இன்று சொல்லும் கருத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. எது நீடிக்க வேண்டும்? மர வரத்து. அந்தக் கேள்வியின் நிழல் முந்நூறு வருடம் கழித்து லேசர் வரைபடத்திலும் விழுகிறது.

ஜேம்ஸ் ஸ்காட் 1998இல் வெளிவந்த 'சீயிங் லைக் எ ஸ்டேட்' புத்தகத்தை ஜெர்மன் வனவியலிலிருந்துதான் தொடங்குகிறார். அரசு காட்டைப் பார்க்கும்போது அதில் விறகும் வருமானமும் மட்டும் தெரிந்தது, பிறகு காட்டையே அந்தப் பார்வைக்கு ஏற்ற மாதிரி நேர்வரிசையாக நட்டார்கள், இரண்டாம் தலைமுறையில் அது நோயுற்றது என்பது அவர் வாதம். ஆனால் பின்லாந்தில் நடப்பது இதிலிருந்து ஒரு விஷயத்தில் மாறுபடுகிறது. ஸ்காட்டின் கதையில் பார்ப்பது அரசு, பார்க்கப்படுவது மக்கள். இங்கே அரசு தன் கண்ணாடியைக் கழற்றி உரிமையாளர் கையில் கொடுத்துவிட்டது. போட்டுக்கொள்வதும் கழற்றிவைப்பதும் இனி அவர் முடிவு.

4

என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்மணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவரும் தங்கையும் அப்பாவின் காட்டை வாரிசாகப் பெற்றிருந்தார்கள். ஒரு மதிய உணவு இடைவேளையில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஒரு பகுதி மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. பரிந்துரை: புதுப்பிப்பு வெட்டு. அதாவது மொட்டையாக வெட்டிவிட்டுப் புதிதாக நடலாம். பக்கத்தில் வரக்கூடிய வருமானத்தின் மதிப்பீடும் இருந்தது.

"இவ்ளோ நாள் எனக்கு இது அப்பாவோட காடுன்னு மட்டும்தான் தெரியும். இப்ப இது ஒரு தொகையா தெரியுது. தெரிஞ்சதுக்கப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியலை" என்றார்.

"இங்க வேற என்ன இருக்குன்னு போட்டிருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும் இல்லையா, ஒண்ணும் போடலையா?"

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க பெரிய ஆஸ்பென் நாலஞ்சு இருந்துச்சு. சின்ன வயசுல பாத்திருக்கேன். இப்ப இருக்கான்னு தெரியலை" என்றார்.

அந்தப் பரிந்துரை பொய் இல்லை. மரம் வெட்டும் வயதை எட்டிவிட்டது என்பது சரிதான். 2014இல் திருத்தப்பட்ட வனச் சட்டப்படி மொட்டையாக வெட்டாமல் இடையிடையே எடுத்துக்கொண்டே போகும் முறையும் அனுமதிக்கப்பட்டது, அதுவும் உண்மை. 2008இலிருந்து நடக்கும் 'மெட்ஸோ' திட்டத்தில் சேர்ந்தால் தகுதியான காட்டை விருப்பப்பட்டுப் பாதுகாப்புக்கு விட்டு அரசிடம் இழப்பீடு வாங்கலாம் என்பதும் உண்மை. வழிகள் இருக்கின்றன. ஆனால் வழிகளில் ஒன்றுதான் நிறம் பூசித் தெரிகிறது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டியைப் பெரும்பாலானவர்கள் மாற்றுவதில்லை. அந்த டிக் ஒரு யோசனைதான், கட்டளை இல்லை. ஆனால் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு யோசனையே பழகிப்போய் முடிவாகிவிடும்.

இன்னொன்று. திரையில் காண்பது எல்லாம் அளந்த மரமும் இல்லை. லேசர் ஓடிய வருடத்துக்குப் பிறகு, வளர்ச்சிச் சூத்திரத்தை வைத்து ஒவ்வொரு வருடமும் எண்ணைக் கூட்டிக்கொண்டே வருகிறார்கள். மரம் இவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கை அது. நியாயமான நம்பிக்கைதான், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் அந்த ஆஸ்பென் மரங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று அந்தச் சூத்திரத்திடம் கேட்க முடியாது.

5

வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும் இடத்துக்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். இங்கே எதுவும் இல்லை. இங்கே இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. இங்கே இருக்கிறது, சொல்ல மாட்டோம். மூன்றாவது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் உண்மை. அரிய பறவைகளின் கூடுகள் போன்ற இடங்களை, யாராவது போய்த் தொந்தரவு செய்துவிடுவார்கள் என்பதால், வேண்டுமென்றே திறந்த தரவில் காட்டுவதில்லை. மூன்று வெள்ளையும் பார்க்க ஒரே வெள்ளைதான்.

'எனக்குத் தெரியாது' என்பது பழைய காலத்தில் ஓரளவு நேர்மையான சாக்கு. அப்பா இறந்துவிட்டார், ஊர் தூரம், மரம் வாங்குகிறவர் சொன்னதைக் கேட்டேன் என்று சொல்லலாம். திறந்த தரவு வந்த பிறகு அந்தச் சாக்கு போய்விட்டது. நல்லதுதான். ஆனால் அந்த இடத்தில் புதிதாக ஒரு சாக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது: 'வரைபடத்தில் இல்லை'. பழைய சாக்கைவிட இது ஆபத்தானது என்று நினைக்கிறேன். 'தெரியாது' என்று சொல்கிறவருக்கு உள்ளே ஒரு உறுத்தல் மிச்சம் இருக்கும். 'வரைபடத்தில் இல்லை' என்று சொல்கிறவருக்கு அந்த உறுத்தல்கூட இருக்காது. தேடிப் பார்த்துவிட்ட திருப்தி இருக்கும்.

தரவு இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2024 ஆகஸ்டில் கிழக்குப் பின்லாந்தில், சுவோமுஸ்ஸல்மி என்ற ஊருக்குப் பக்கத்தில், மரம் வெட்டும் இயந்திரங்கள் ஒரு சிற்றாற்றைத் திரும்பத் திரும்பக் கடந்தன. அந்த ஆற்றின் அடியில் நன்னீர் முத்துச்சிப்பிகள் இருந்தன. நூறு வருடத்துக்கு மேல் வாழக்கூடிய உயிர். 1955இலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆயிரக்கணக்கில் நசுங்கின. அந்த ஆற்றில் சிப்பி இருப்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை, ஏற்கெனவே தெரிந்ததுதான். எங்கோ ஓரிடத்தில் தெரிந்திருந்தது, வண்டி ஓட்டிய இடத்தில் அந்தத் தெரிதல் பயன்படவில்லை. அறிவு ஒரு சமூகத்திடம் 'இருக்கிறது' என்பதும், முடிவெடுக்கும் அந்த நிமிடத்தில் அங்கே இருக்கிறது என்பதும் வேறுவேறு.

இன்னொரு காலிக் கட்டமும் உண்டு. 2021ஆம் ஆண்டுக்கான கணக்கில் பின்லாந்தின் நிலப்பயன்பாட்டுத் துறை முதல்முறையாக, உறிஞ்சியதைவிட அதிகமான பசுமைக்குடில் வாயுவை வெளியிட்டதாகத் தெரியவந்தது. அதிக வெட்டு, மெதுவான வளர்ச்சி, கரி மண் நிலங்களின் உமிழ்வு எல்லாம் சேர்ந்த விளைவு. சட்டத்துக்கு உட்பட்டு, அவரவர் அளவில் நியாயமாக, லட்சக்கணக்கானவர்கள் எடுத்த முடிவுகளும் அந்தக் கூட்டுத்தொகைக்குள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கூட்டுத்தொகை எந்த 16 மீட்டர் சதுரத்திலும் எழுதப்படவில்லை. என் சக ஊழியர் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தன் காட்டில் அது தெரியாது.

6

ஒருவர் இப்படிக் கேட்கலாம்: ஒரு வயதானவர், தூரத்தில் இருப்பவர், சொத்து என்று வந்ததை வைத்திருப்பவர். அவர் தலையில் பாசியையும் அணிலையும் உலகக் கரிமக் கணக்கையும் ஏற்றுவது நியாயமா? அரசு கொடுத்த வரைபடத்தைப் பார்த்து, சட்டப்படி நடந்தால் போதாதா?

இந்தக் கேள்வி நியாயமானது. எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகுதான் வெட்ட வேண்டும் என்றால் யாரும் எதையும் வெட்ட முடியாது. காட்டை நம்பி வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன, மர வீடும் காகிதமும் எங்கிருந்தோ வர வேண்டும். நான் கேட்பது அவ்வளவு பெரிசு இல்லை. ஒரு இடத்தைத் திரும்ப முடியாதபடி மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவரிடம் அந்த இடத்தின் காலிக் கட்டங்களைக் காலி என்று ஒப்புக்கொள்ளும் கடமையும் இருக்கிறது. நிரப்ப வேண்டும் என்றுகூட இல்லை. பூஜ்யம் என்று படிக்காமல் இருந்தால் போதும். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். ஒருமுறை போய்ப் பார்க்கத் தோன்றும், அல்லது தெரிந்த ஒருவரைப் போகச் சொல்லத் தோன்றும், அல்லது அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுவைக்கத் தோன்றும்.

இந்தக் கடமையை உரிமையாளர் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்பதுதான் தரவு திறந்திருப்பதன் உண்மையான பயன் என்று எனக்குப் படுகிறது. பின்லாந்தில் மரம் வெட்டப் போகிறவர் குறைந்தது பத்து நாள் முன்னால் வன மையத்துக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்புகளும் வரைபடத்தில் எல்லாருக்கும் தெரிகின்றன. அந்தப் பத்து நாளில் பறவை பார்ப்பவர் ஒருவர், லைக்கன் படித்த மாணவி ஒருத்தி, பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் "அங்கே நான் ஒன்று பார்த்திருக்கிறேன்" என்று சொல்ல முடியும். உரிமையாளருக்கு இது எரிச்சலாக இருக்கலாம், சண்டையும் வரும். இருந்தாலும் முன்பு ஒருவருடைய அறியாமை அவருடைய வேலிக்குள்ளேயே கிடந்தது. இப்போது அதையும் பத்துப் பேர் சேர்ந்து சரிசெய்ய வழி இருக்கிறது.

என் பக்கத்து ஆட்களுக்கும், அதாவது வரைபடம் செய்கிறவர்களுக்கும், இதில் ஒரு பங்கு உண்டு. தேடிப் பார்த்து இல்லை என்று தெரிந்த இடத்தை ஒரு நிறத்திலும், யாரும் பார்க்காத இடத்தை இன்னொரு நிறத்திலும் காட்டுவது கஷ்டமான வேலையே இல்லை. டேட்டாபேஸில் அந்த வேறுபாட்டை வைக்க ஒரு நெடுவரிசை போதும். ஆனால் அப்படிச் செய்தால் வரைபடத்தில் பெரும்பகுதி 'பார்க்கவில்லை' நிறத்தில்தான் இருக்கும். பார்க்க அழகாக இருக்காது. காசு கொடுத்தவர்களுக்கு, இவ்வளவு செலவு செய்தும் இவ்வளவுதானா என்று தோன்றும். எங்கள் அறியாமையின் அளவை அழகான இடைமுகத்துக்குப் பின்னால் மறைக்கும் ஆசை அங்கேதான் வருகிறது. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது தொழில்நுட்ப விதி மாதிரித் தெரிந்தாலும் நேர்மை பற்றிய விதிதான்.

லேசர் இன்னும் நெருக்கமாகும். ஆஸ்பெனைப் பிரித்துக் காட்டும் நாளும் வந்துவிடும். அப்போது இந்தக் கட்டுரையில் சொன்ன சில உதாரணங்கள் பழசாகிவிடும், சந்தோஷம். ஆனால் காலிக் கட்டம் தீராது, வேறு இடத்துக்கு நகரும். நாளைக்கு எதன் அருமை தெரியவருமோ, அதற்கு இன்று நம் அட்டவணையில் நெடுவரிசைகூட இருக்காது.

பறக்கும் அணிலைப் பகலில் பார்ப்பது அரிது. அது அங்கே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இங்கே இருப்பவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வசந்தகாலத்தில் போய், பெரிய ஸ்ப்ரூஸ் அல்லது ஆஸ்பென் மரத்தின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். அரிசி மணி அளவில், மஞ்சளாக அதன் எச்சம் கிடக்கும். விமானத்திலிருந்து இது தெரியாது. இருந்தால் தெரிந்துவிடும். இல்லாவிட்டால், அன்று அந்த மரத்தடியில் இல்லை என்று சொல்லலாம். அதையும் குனிந்து பார்த்தவர் சொல்ல வேண்டும்.